படகு துப்பும் தண்ணீர்

என் மேசை டிராயரில், ரப்பர் ஸ்டாம்புக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு செப்புக் குழாய்த் துண்டு கிடக்கிறது. பேனா தேடிக் கையை விட்டால் முதலில் அகப்படுவது அதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மேடம் இது, ஃபிரிட்ஜ்ல இருந்து அறுத்ததா?" என்று கேட்பார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கச் சொல்வேன். சுற்றிலும் வெள்ளையாக அடைத்து, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வழி தெரியும். அந்த அடைப்பு என்னவென்று தெரியாமல் மாதக்கணக்கில் மூன்று பேர் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தோம். மூவரில் ஒருவர் இப்போது இல்லை. அவர் எங்கள் சர்வேயர் சார்.

அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கம் ஒன்றில் சர்வே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். ஏலாக்குறிச்சிப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தில் நுழைந்தாலும் எனக்கு ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். நான் மட்டும் வெயிலில் நிற்கிற படிப்பைப் படித்தேன். சேர்ந்த முதல் நாளே சர்வேயர் சார் எனக்கு 'டீச்சர் வூட்டுப் பொண்ணு' என்று பேர் வைத்துவிட்டார். கோபம் வந்தால் 'டீச்சரம்மா'. அவர் லெப்பைக்குடிகாட்டுக்காரர். இளம் வயதிலேயே வளைகுடாவுக்குப் போய், துறைமுகத்தில் கடலடி ஆழம் அளக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று ஊரோடு வந்து எங்கள் சுரங்கத்தில் சேர்ந்தவர். மனிதர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். டீயை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். சட்டைப் பையில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பாதி நாள் தலைவலி வந்துவிடும்.

அவர் முதலில் இவ்வளவு அலையவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு விபத்துதான் அவரை அப்படி ஆக்கியது. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பழைய குழிகளில் மழைத்தண்ணீர் சேர்ந்து ஏரிபோல நிற்கும். அதில் ரெண்டாம் குழிதான் பெரியது. மூன்று பக்கமும் சுவர் வைத்த மாதிரி செங்குத்தான பாறை. நாலாவது பக்கம் லாரி இறங்கிய பழைய சாய்தளம் தண்ணீருக்குள் போய் மறையும். மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குழியில் எங்கெங்கே எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்து படம் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார்கள். விபத்து நடந்த அன்று சாரே படகில் ஏறினார். காற்று கிளம்பிப் படகைப் பாறையோடு மோதிக் கவிழ்த்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், நீச்சலும் தெரியும். கூட இருந்தவன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்துவிட்டான். சார் பாறைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். பாசி பிடித்த சுண்ணாம்புப் பாறை. கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது.

மேலே இருந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், வேறொன்றும் செய்யவில்லை. செய்தவர் செயின்மேன் அண்ணன். சர்வே வேலையில் அளவு நாடா பிடிக்கிறவரை செயின்மேன் என்போம். அவர் விக்கிரமங்கலத்துக்காரர். சொட்டு நீச்சல் தெரியாது. பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக் கயிற்றை வீசி, "புடிங்க சார், புடிச்சுக்கங்க, நான் வுடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே இழுத்தார். கயிற்றில் தொங்கி ஏறியதில் சாரின் வலது தோள் இறங்கிவிட்டது. மேலே வந்து விழுந்தவர் தண்ணீரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். அதன்பிறகு அவர் அந்தக் குழிக்கு முதுகைக் காட்டி நின்று நான் பார்த்ததே இல்லை. தோள் சரியாகித் திரும்பி வந்த அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே ஆழம் பாக்க ஆளு எறங்கக் கூடாது" என்பதுதான்.

அப்படிப் பிறந்ததுதான் குட்டி. ரிமோட்டில் ஓடுகிற படகு. ஒரு ஆள் கை நீட்டிப் பிடிக்கும் நீளம், சிவப்பு வண்ணம், அடியில் ஆழம் பார்க்கிற கருவி, உள்ளே பேட்டரியும் மோட்டாரும். சார் துறைமுகத்தில் இந்த மாதிரிப் படகுகளைப் பார்த்திருக்கிறார். விடுமுறையில் கடற்கரையில் பந்தயம் விடுகிறவர்களோடு சேர்ந்து ஓட்டியும் இருக்கிறார். இதில் ஒரு சங்கதி உண்டு. மூடிய பெட்டிக்குள் ஓடுகிற மோட்டார் சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் படகின் அடியில் ஒரு சிறு வாய் வைத்து, ஓடுகிற தண்ணீரிலிருந்தே கொஞ்சம் உள்ளே இழுத்து, மோட்டாரின் மேல் சுற்றிக் கட்டிய மெல்லிய செப்புக் குழாய் வழியாக ஓடவிட்டு, பக்கவாட்டில் ஒரு துளையால் வெளியே விடுவார்கள். மோட்டாரின் சூட்டைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். தண்ணீர் வெளியே பீச்சியடிக்கிற வரை படகு சுகம். நின்றுவிட்டால் சற்று நேரத்தில் மோட்டாருக்குக் காய்ச்சல் வந்து, தானே அணைந்துவிடும்.

செயின்மேன் அண்ணனும் மற்றவர்களும் அந்தத் தண்ணீரை 'குட்டி ஒண்ணுக்குப் போகுது' என்றுதான் சொல்வார்கள். சார் மரியாதைக்காரர். என்னை வைத்துக்கொண்டு அப்படிப் பேச அவருக்குக் கூச்சம். அதனால் "துப்புதா?" என்பார். கரையிலிருந்து அந்த நூல் தண்ணீர் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிலம் அளக்க முக்காலியில் வைக்கும் கருவியின் தொலைநோக்கி வழியாகப் படகைத் துரத்திக்கொண்டே இருப்பது என் வேலை. சார் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடப்பார். "எம்மா, துப்புதா?" "துப்புது சார்." நாலடி நடப்பார். "துப்புதா?" "துப்புது சார்." ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நின்னா நானே சொல்றேன் சார், சும்மா சும்மா கேக்காதீங்க" என்று கடுகடுத்தேன். "நீ சொல்றதுக்குள்ள அது செத்துடும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே மறுபடியும் கேட்டார்.

ஆரம்பத்தில் ஒரு கோளாறு வந்தது, அதைச் சாரே தீர்த்தார். பந்தயப் படகு வேகமாகப் போவதால் தண்ணீர் தானாக உள்ளே ஏறும். எங்கள் குட்டியோ ஆழம் பார்த்துக்கொண்டு மெதுவாக ஊர வேண்டியது. வாய் திறந்திருந்தும் குடிக்கவில்லை. பெரம்பலூர் போய், கார்க் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கிற சின்ன பம்ப் ஒன்றை வாங்கிவந்து உள்ளே வைத்தார். பிறகு குட்டி என்ன வேகத்தில் போனாலும் ஒழுங்காகத் துப்பியது. அந்த வருடம் ரெண்டாம் குழியை ஆள் இறங்காமலே அளந்து படம் அனுப்பினோம். சார் எங்களுக்கு வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்தார். அதையும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் வினை ஆரம்பித்தது. கரையோரம் ஓட்டிப் பார்த்தால் துப்பும். குழியின் நடுவுக்குப் போனதும் நூலாக இழைந்து, சொட்டாகி, நின்றுவிடும். நான் "நின்னுடுச்சு சார்" என்று கத்துவதற்குள் படகும் நின்றுவிடும். நின்ற படகைக் காற்று மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்ப் பாறைச் சுவரோரம் சேர்க்கும். அங்கே மேலிருந்து இறங்க வழி கிடையாது. பிறகு என்ன? மூலையில் கிடந்த ஃபைபர் படகை இழுத்துப் போட்டுக்கொண்டு செயின்மேன் அண்ணன்தான் போவார். ஆள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று செய்த படகு, ஒவ்வொரு தடவையும் நீச்சல் தெரியாத ஒருவரைத் தண்ணீருக்கு இழுத்தது. அவர் என்னவோ பொங்கல் விளையாட்டுக்குப் போகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே துடுப்புப் போடுவார். கரையில் சார் படும் பாட்டைத்தான் என்னால் பார்க்க முடியாது. "யோவ் மாப்ள, நடுவுல ஒக்காரு. நிக்காத. பாறைகிட்ட போவாத" என்று தொண்டை கிழியக் கத்துவார். மாமன் மச்சான் முறை வைத்துக்கொண்டு பேசுவது அவர்கள் இருவருக்கும் பழக்கம். அண்ணன் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறும்வரை சாருக்கு மூச்சே வராது. எனக்கும் வராது. அண்ணன் மட்டும், "பாவம், புள்ளைக்குக் காய்ச்சலா கொதிக்குது சார்" என்று படகைத் தடவிக்கொடுப்பார்.

என்னவெல்லாம் பார்த்தோம் என்று இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது. பாசி வாயை அடைக்கிறதென்று டீ வடிகட்டியின் வலையை வெட்டி வாயில் கட்டினோம். மூடியை இறுக்கும்போது ரப்பர் குழாய் மடங்குகிறதென்று அதன் தடத்தையே மாற்றினோம். பம்பு சரியில்லையென்று வேறு பம்பு போட்டோம். எங்கோ காற்று புகுகிறதென்று ஒவ்வொரு இணைப்பையும் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கரையோரச் சோதனையில் துப்பும், நாங்களும் நம்புவோம். நடுக்குழியில் மானத்தை வாங்கும். சார் மெலிந்துபோனார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கொட்டகைக்குப் போய்க் குட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தால்தான் என்ன, அது அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காரியத்தை மட்டும் அவர் விடாமல் செய்தார். கரையேறியதும் குட்டிக்குக் குளியல். கொட்டகை வாசலில் இருந்த போர்வெல் குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் சொருகி, மறுமுனையைப் படகின் வாயில் மாட்டி, கொதிக்கிற மோட்டாருக்குள் நெடுநேரம் தண்ணீர் ஓடவிடுவார். கடலில் ஓட்டிய காலத்துப் பழக்கம். உப்புத்தண்ணீரில் ஓடிய படகை நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் வைத்தால் உப்புப் பூத்து உள்ளே அரித்துவிடுமாம். அங்கே பந்தயத்தில் தோற்றவன்கூட அலசாமல் வீட்டுக்குப் போகமாட்டான் என்று சொல்வார். எங்கள் குழியில் நிற்பது மழைத்தண்ணீர், உப்பு ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலசி முடித்து, தகரக் கூரைக்கு அடியில் காயவைப்பார். காய்ந்ததும் துளைக்குக் கீழே சிவப்பு வண்ணத்தின் மேல் வெள்ளைக் கோடு இறங்கியிருக்கும். "பாத்தியா, பூத்திருக்கு. இன்னும் நல்லா அலசணும்" என்று மறுநாள் கூடுதலாகத் தண்ணீர் விடுவார். அலச அலசக் கோடு தடித்தது. அவரும் விடாமல் அலசினார்.

கடைசியில் மேனேஜர் பொறுமை இழந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, படம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "பாய், ஒங்க பொம்மையோட வெளையாடுனது போதும். திங்கக்கிழமை நான் வந்து பாக்குறேன். அன்னிக்கும் நின்னுச்சுன்னா, அன்னிக்கே ஃபைபர் போட்டுல ஆள எறக்கி அளந்துடுங்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். "நான் போறேன் சார்" என்றார் சர்வேயர் சார். தோள் சரியில்லாதவர் துடுப்புப் போடக் கூடாது என்று மேனேஜர் மறுத்தார். அப்படியானால் யார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனே முன்வந்து, "நான் இருக்கேன்ல சார். குண்டு எறக்குறதெல்லாம் நமக்குப் பழக்கந்தான. ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டா முடிஞ்சுது" என்றார். சார் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அடிக்கப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் வெளியே போய் வராண்டாவில் நடக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்துச் சத்தம் அன்று பூராவும் ஓயவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் தொழுகைக்கு முன் ஒளு செய்வதற்காகச் சார் அதே போர்வெல் குழாயடிக்குப் போனார். தொழுவதற்கு முன் முகம், கை, கால் என்று வரிசையாகக் கழுவிக்கொள்வதுதான் ஒளு. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பக்கத்தில் காத்திருந்தேன். குழாயில் தண்ணீர் கோணலாக, ஒல்லியாக விழுந்தது. வலது காலைக் கழுவிவிட்டு இடது காலை நீட்டியவர் அப்படியே நின்றார். குனிந்து குழாயின் வாயை விரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஒரு சில்லு பெயர்ந்து கையில் விழுந்தது. அதை வெயிலில் காட்டிப் பார்த்தார். வாயில் வைத்து நக்கியும் பார்த்தார். "உப்பு இல்லம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. "உப்பே இல்ல. சுண்ணாம்பு" என்று சொல்லிக்கொண்டே ஒரு கால் ஈரமும் ஒரு கால் புழுதியுமாகக் கொட்டகையைப் பார்த்து நடந்தார். நடந்தார் என்ன, ஓடினார். சாப்பாட்டை அங்கேயே வைத்துவிட்டு நானும் ஓடினேன்.

மோட்டாரில் சுற்றியிருந்த செப்புக் குழாயைக் கழற்றி, வளைவுக்குப் பக்கத்தில் ஆக்ஸா பிளேடால் அறுத்தார். மேலே சொன்னேனே, அந்தத் துண்டு அதுதான். உள்ளே பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. வீட்டில் டீ போடுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீரைக் கொதிக்கிற மோட்டாருக்குள் விட்டு, தகரக் கொட்டகையில் காயவைத்து, பொறுக்குப் பொறுக்காக அந்த மனிதர் தன் கையாலேயே குழாயை அடைத்திருக்கிறார். குழித்தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை. கரையோரம் சற்று நேரம் ஓட்டும்போது அந்த ஊசி ஓட்டையே போதுமாக இருந்தது, நடுக்குழியில் நெடுநேரம் ஓடிச் சூடேறியதும் உள்ளே ஆவி கட்டி அந்த வழியும் நின்றுவிட்டது. அவர் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த சிமெண்டுச் சட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். "கடல நெனச்சுக்கிட்டே கல்லுக்குள்ள குடித்தனம் பண்ணிருக்கேன்" என்றார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் தொழுகை ஞாபகம் வரும்வரைதான். திரும்பிப் போய் முதலிலிருந்து கழுவிக்கொண்டார்.

புதுக் குழாய் சுற்றினோம். ரப்பர் குழாய்களையும் பம்பையும் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு அலசினோம். நான் நிம்மதியாகிவிட்டேன். சார் ஆகவில்லை. "இதுதான் கோளாறுன்னு நெனக்கிறோம். இதுக்கு மேலயும் ஒண்ணு இருந்துச்சுன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுக்குழிவரை விட்டுப் பார்க்கலாமென்றால், நின்றுபோனால் அண்ணன்தான் போக வேண்டும். அதனால் திங்கட்கிழமைக்கு முன் குட்டியைக் கரையை விட்டு நகர்த்தவே அவர் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒரு படகு மூத்திரம் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்து கரையில் நின்றார். ஃபைபர் படகு சாய்தளத்தின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அண்ணன் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். குட்டி கிளம்பியது. நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். சார் பின்னால் நடந்துகொண்டே கேட்டார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயிலில் கண் எரிந்தது. நடுக்குழியைத் தாண்டியது. துப்பியது. பாறைச் சுவரோரம் போய்த் திரும்பியது. துப்பியது. இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சார் ரிமோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு முன்னங்கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார். கழுத்திலும் சொறிந்தார். தோல் சிவந்து தடித்திருந்தது. பதற்றத்தில் மனிதருக்கு அரிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, "சொறியாதீங்க சார், பாத்துக்கிட்டு ஓட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன். "நீ கண்ண எடுக்காதம்மா" என்று அவரும் எரிந்து விழுந்தார். மத்தியானத்துக்குள் குழி முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்துவிட்டுக் குட்டி சொந்தமாகக் கரைக்கு வந்தது. அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு, "எனக்கு இன்னிக்கு வேல இல்லாம பண்ணிட்டீங்களே சார்" என்று குறைப்பட்டார். "போய்யா" என்று சார் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பிறகு சில மாதம் கழித்து ஃபைபர் படகை வேறு இடத்துக்கு மாற்ற வண்டி வந்தது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் அடித்தட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. "எலி கடிச்சிருக்கும்" என்று அண்ணன் சிரித்தார். எலி இவ்வளவு நேராகக் கடிக்காது என்று எனக்குத் தெரிந்தது. யாரோ ஃபைபர் தகடு திருட அறுத்துப் பார்த்துவிட்டு விட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். "பழசு சார், வெயில்ல வெடிச்சிருக்கும்" என்று சர்வேயர் சார் மேனேஜரிடம் சொன்னார். குட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் மேனேஜரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. உடைந்ததோடு உடைந்ததாகக் கழித்துப் போட்டார்கள். சார் வயது முடிந்து ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். போனில் பேசும்போதெல்லாம், சலாமுக்கு அடுத்தபடியாக, "துப்புதா?" என்று கேட்பார்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. நெஞ்சுவலி என்று படுத்தவர் மவுத்தாகிவிட்டார். நானும் அண்ணனும் பெரம்பலூர் வழியாக பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஆண்களுக்காக வெளியே போட்டிருந்த நாற்காலி ஒன்றில் அண்ணன் உட்கார்ந்தார். கணவர் போன வீட்டில் மனைவி சில மாதம் அந்நிய ஆண்கள் எதிரில் வரமாட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் வூட்டுப் பொண்ணுதானம்மா நீ" என்றார். அழுதேன். அவர்தான் எனக்குத் தேறுதல் சொன்னார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குட்டியில் வந்து நின்றது.

"ஒரு ஞாயித்துக்கெழம, லீவு நாள்ள கெளம்பிப் போயிட்டு, பொழுது சாஞ்சு மக்ரிபு தொழுவுற நேரத்துக்குத் திரும்பி வந்தாங்கம்மா. கையெல்லாம் தடிச்சு, ஒரே அரிப்பு. சட்டையெல்லாம் வெள்ளத் தூசி. துணி தொவச்ச எனக்கும் கை அரிச்சுது. என்னங்க இதுன்னு கேட்டா, கண்ணாடித் தூசி புள்ள, ஃபைபரு அறுத்தேன்னாங்க. தேங்காயெண்ண தடவி வுட்டேன். எதுக்கு அறுத்தீங்கன்னேன். நாளைக்கு நம்ம படகு நின்னாலும் மாப்ள எறங்க முடியாது, அதுக்குத்தான்னாங்க. வேல போயிடாதான்னு கேட்டேன். போனா போவுது, அல்லா இருக்கான்னு படுத்துட்டாங்க. தூங்கல."

வெளியே வந்து அண்ணனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்வதா வேண்டாமா என்று பெரம்பலூர்வரை மனசுக்குள் இழுபறி. 'சொறியாதீங்க' என்று சாரை நான் அதட்டிய வெயில் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அன்றைக்குக் குட்டி நடுக்குழியில் நின்றிருந்தால் எடுக்கவும் படகு இல்லை, அளக்கவும் படகு இல்லை. மேனேஜர் முன்னால் அத்தனை பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் அவ்வளவு நேரம் என் பின்னால் நடந்திருக்கிறார். அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலி கடித்தது என்று அன்று சிரித்த மனிதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார். "நான் அவருக்குக் கயிறுதாம்மா போட்டேன். அவரு எனக்காவப் படகையே அறுத்துட்டாரு. ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது ரெண்டாம் குழியில் ஓடுவது வேறு படகு. கோடு போட்டுக் கொடுத்தால் தானே போய் அளந்துவிட்டு வரும். ரிமோட்டைக்கூடப் பிடிக்கத் தேவையில்லை. சூடேறினால் முன்கூட்டியே திரையில் எழுதிக் காட்டும். அலசுவதாக இருந்தால் குடிதண்ணீர்க் கேன்தான், பிறகு குழாயில் வாயை வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் ஊதிவிடுவேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். எனக்கு உட்கார முடிவதில்லை. செப்புத் துண்டை டிராயரிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் குழிக்குப் போகிறேன். விரல் அதை உருட்டிக்கொண்டே இருக்கிறது, கால் கரையோரம் அங்கும் இங்கும் நடக்கிறது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட அண்ணன் இன்னும் பழைய முக்காலியை வைத்து, தொலைநோக்கியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படகைத் துரத்துகிறார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

"அண்ணே, துப்புதா?"

"துப்புதும்மா."

நாலடி நடந்துவிட்டு மறுபடியும் கேட்கிறேன்.